பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி நகராமல் நின்றால்: பழுதைக் கண்டறிந்து சரிசெய்யும் வழி

மேட்டில் ஏறிக்கொண்டிருந்த என் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒரு நாள் திடீரென்று நின்றுவிட்டது. எஞ்சின் ஓடியது, கியர் விழுந்தது, கிளட்சை விட்டதும் எஞ்சின் வேகம் மட்டும் ஏறியது, வண்டி நகரவில்லை. கைப்பிரேக்கை இழுத்தேன், அதுவும் பிடிக்கவில்லை, வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது. கால்பிரேக்கை மிதித்தபடியே, உடன் வந்தவரை இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைக்கச் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. வண்டியை இழுத்துச் சென்ற பட்டறையில் கிளட்ச் போய்விட்டது என்றார்கள். கியர் பாக்ஸை இறக்கிக் கிளட்ச் முழுவதையும் மாற்றி முடிக்கப் பதினொரு நாட்கள் ஆயின. அதன் பிறகும் வண்டி நகரவில்லை. உண்மையில் பழுதாகியிருந்தது பின் சக்கரத்தின் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) ஐந்தாறு போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருந்த ஒரு சிறிய ஃபிளேஞ்ச், அதாவது உள்ளிருக்கும் தண்டின் (ஆக்சில் ஷாஃப்டின்) சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் வட்டத் தகடு. அதன் உட்பக்கப் பற்கள் முற்றிலும் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தன. சக்கரத்தைக் கழற்றாமலே ஒரு மணி நேரத்தில் மாற்றக்கூடிய பாகம் அது.

முதல் பத்து நிமிடங்களில் சரியான கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தப் பதினொரு நாட்களும் கிளட்சுக்கான செலவும் மிஞ்சியிருக்கும். எஞ்சினில் தொடங்கிய சுழற்சி எந்த இரண்டு உறுப்புகளுக்கு இடையில் நின்றுபோகிறது என்பதே அந்தக் கேள்வி. அதற்கு விடை தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது, பிறரைக் கழற்ற விடவும் கூடாது. கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த விடையை நோக்கியே அமைந்தவை. எஞ்சின் நன்றாக ஓடுகிறது, ஆனால் விசை சக்கரங்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்காகவும், ஓசையோ அதிர்வோ கேட்டு அஞ்சியிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

1. முதலில் வண்டியை அசையாமல் நிறுத்துங்கள்

விசை கடத்தும் தொடர் ஓரிடத்தில் அறுந்துவிட்டால், வண்டியை நிறுத்திவைக்கும் பிடியும் அதோடு அறுந்திருக்கக்கூடும். கியரில் போட்டு நிறுத்தினால் வண்டி நிற்கும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. கியர் பாக்ஸின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் ஆட்டோமேட்டிக் கியரின் பார்க் நிலைகூட வண்டியைப் பிடிக்காது. சில பழைய வண்டிகளில் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லாமல் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின் முனையில், அங்கிருந்து ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும்படி அமைந்திருக்கும். அத்தகைய வண்டியில் பின் ஆக்சில் ஷாஃப்டோ ஃபிளேஞ்சோ போய்விட்டால் கைப்பிரேக்கும் போய்விடும். எனக்கு நேர்ந்தது அதுதான்.

ஆகவே சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டைகளை வையுங்கள். தூக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். எஞ்சின் ஓடும்போது எக்காரணம் கொண்டும் வண்டியின் அடியில் போகாதீர்கள். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது மிகவும் ஆபத்தானது. டிஃபரன்ஷியலை (இடது, வலது சக்கரங்களை வேறுவேறு வேகத்தில் சுழலவிடும் கியர்த் தொகுதியை) பூட்டும் லாக்கோ, அந்த வேறுபாட்டைக் கட்டுப்படுத்தும் லிமிட்டெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியலோ இருந்தால் தரையில் உள்ள மறு சக்கரம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும்.

2. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

உங்கள் வண்டியின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய ஒர்க் ஷாப் மேனுவல் முதல் தேவை. ஓட்டுநருக்கான சிறு கையேடு இதற்குப் போதாது. அடுத்ததாகச் சேசிஸ் எண்ணையும், வண்டியின் தகட்டில் பொறித்திருக்கும் ஆக்சில் குறியீட்டையும், கியர் பாக்ஸ் மற்றும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் மேல் உள்ள வரிசை எண்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளில் முந்தைய உரிமையாளர் வேறொரு வண்டியின் ஆக்சிலைப் பொருத்தியிருப்பது அபூர்வமல்ல. அதனால் தகட்டில் உள்ளதும் அடியில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவசியம்.

இவற்றோடு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்த நாளில், எத்தனை கிலோமீட்டரில், எந்த வேகத்தில், எந்தக் கியரில், ஆக்சிலரேட்டரை மிதித்தபோதா விட்டபோதா கோளாறு தெரிந்தது என்பதை உடனுக்குடன் எழுதுங்கள். பட்டறைக்குப் போய் நினைவிலிருந்து சொல்வதற்கும் இந்தக் குறிப்பைக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு, செலவில் தெரியும்.

3. சுழற்சி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் இதைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள்.

முதலில் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லீவரைப் பாருங்கள். அதன் இணைப்புக் கம்பிகள் தேய்ந்திருந்தால், மேலே லீவர் உரிய நிலையில் இருப்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே அது நியூட்ரலில் நிற்கும். லீவரை ஒரு முறை முழுதாகப் பின்னுக்கும் முன்னுக்கும் நகர்த்தி, அடியில் கம்பி முழுத்தொலைவும் நகர்கிறதா என்று மற்றொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், எஞ்சின் நிறுத்தப்பட்டிருக்கட்டும்.

அடுத்து, பகுதிநேர ஃபோர் வீல் டிரைவ் (தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரங்களை இணைக்கும் வகை) உள்ள வண்டியென்றால், 2எச் (பின் சக்கரங்கள் மட்டும்) நிலையில் நகராத வண்டியை 4எச் (நான்கு சக்கரங்களும்) நிலைக்கு மாற்றி, முன் ஹப்புகளையும் பூட்டிவிட்டு மெல்லக் கிளட்சை விடுங்கள். இப்போது வண்டி நகர்ந்தால் கிளட்ச், கியர் பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸின் முதன்மைப் பகுதி ஆகியவை நலமாக இருக்கின்றன. பழுது பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் முதல் பின் சக்கரம் வரையிலான பகுதியில் இருக்கிறது. எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்கும் வகை வண்டியில், முன், பின் ஆக்சில்களுக்கு நடுவில் உள்ள சென்டர் டிஃபரன்ஷியலைப் பூட்டிப் பாருங்கள். பூட்டாதபோது நகராத வண்டி பூட்டியதும் நகர்ந்தால், முன் அல்லது பின் ஆக்சிலின் பக்கம் எங்கோ அறுந்திருக்கிறது. சென்டர் டிஃபரன்ஷியல் விசையை எப்போதும் தடை குறைந்த பக்கத்துக்கு ஓடவிடும் இயல்புடையது என்பதால், ஒரு பக்கம் அறுந்தாலே முழு வண்டியும் நின்றுவிடுகிறது. பூட்டிய பிறகும் நகராவிட்டால் கிளட்ச், கியர் பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றையும் சந்தேகிக்கலாம்.

வேகமானியும் ஒரு நல்ல சாட்சி. பல பழைய வண்டிகளில் அதன் கேபிள் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின் முனையிலிருந்து வருகிறது. நிற்கும் வண்டியில் கியர் போட்டுக் கிளட்சை விட்டதும் முள் ஏறினால், சுழற்சி ட்ரான்ஸ்ஃபர் கேஸைத் தாண்டிவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். முள் ஏறாததை மட்டும் வைத்து எதிர்முடிவுக்கு வராதீர்கள். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் முன் ஆக்சில் அறுந்திருந்தால் முன் ஷாஃப்ட் மட்டும் சுழலும், முள் அசையாது.

இந்தச் சோதனையின்போது ஒருவர் பக்கவாட்டில், வண்டி நகர்ந்தாலும் இடிபடாத தொலைவில் நின்று, புரொப்பெல்லர் ஷாஃப்டுகளில் எது சுழல்கிறது என்று பார்க்க வேண்டும். ஷாஃப்ட் சுழன்று சக்கரம் நின்றால் பழுது டிஃபரன்ஷியல், ஆக்சில் ஷாஃப்ட், ஹப் ஆகிய மூன்றில் ஒன்று. ஷாஃப்டே சுழலாவிட்டால் பழுது அதற்கு முன்னால்.

பின் ஆக்சில் என்று தெரிந்துவிட்டால், எஞ்சினை நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஷாஃப்ட் சுழலாதபடி கியரில் போட்டு, சக்கரங்களில் உள்ள கைப்பிரேக்கை விட்டுவிட்டு இடது சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் நலமாக இருந்தால் வலது சக்கரம் எதிர்த்திசையில் திரும்பும். இடது சக்கரம் சுழன்று, வலது சக்கரமும் ஷாஃப்டும் அசையாமல் இருந்தால் ஏதோ ஒரு பக்கத்து ஆக்சில் ஷாஃப்டோ ஃபிளேஞ்சோ போயிருக்கிறது, அல்லது டிஃபரன்ஷியலின் உள்ளே உள்ள சிறு கியர்கள் உடைந்திருக்கின்றன. ஹப்பின் நடுவில் உள்ள தூசி மூடியைக் கழற்றிப் பாருங்கள். செந்நிறப் பொடி கொட்டினால் அங்கே பற்கள் உலர்ந்து தேய்ந்திருக்கின்றன என்று பொருள்.

ஓர் எச்சரிக்கை. ஆக்சில் ஷாஃப்ட் உடைந்தால் எல்லா வண்டிகளிலும் விளைவு ஒன்றல்ல. முழு மிதவை வகை ஆக்சிலில் சக்கரத்தின் சுமையை ஹப் பேரிங்குகளே தாங்குவதால், உடைந்த ஷாஃப்டை உருவியெடுத்துத் துளையை மூடிவிட்டு, முன் சக்கரங்களின் விசையில் அருகிலுள்ள பாதுகாப்பான இடம் வரை மெதுவாகப் போகலாம். அரை மிதவை வகையில் ஷாஃப்டே சக்கரத்தைத் தாங்குகிறது. அது உடைந்தால் சக்கரம் வண்டியை விட்டு வெளியே வந்துவிடக்கூடும், ஆகவே ஓர் அடிகூட ஓட்டக் கூடாது. உங்கள் வண்டி எந்த வகை என்பதை மேனுவலில் இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. வண்டி ஓடுகிறது, ஆனால் ஓசையோ அதிர்வோ வருகிறது என்றால்

கியர் மாற்றும்போதும், ஆக்சிலரேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கும்போதும் ‘டக்’ என்று ஒரே ஓர் அடி கேட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனைகளில் உள்ள மடங்கும் இணைப்பான யுனிவர்சல் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கலாம். ஷாஃப்டின் நீளும் ஸ்ப்லைனில் (ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பல் வரிகளில்) கிரீஸ் உலர்ந்திருக்கலாம், டிஃபரன்ஷியலின் கிரவுன் பினியன் (முதன்மைக் கியர் இணை) இடைவெளி கூடியிருக்கலாம். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி ஓட்டும்போது முன்பக்கத்தில் ‘டிக் டிக்’ என்று அடுக்காகக் கேட்டால் முன் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் சிவி ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. வேகத்தோடு ஏறும் உறுமல், வண்டியை இடமும் வலமும் மெல்ல வளைக்கும்போது கூடிக் குறைந்தால், சுமை ஏறும் பக்கத்து வீல் பேரிங்கை முதலில் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சுரத்திலும் விடும்போது வேறு சுரத்திலும் கூவினால் அது கிரவுன் பினியனிலிருந்தோ பினியன் பேரிங்குகளிலிருந்தோ வருகிறது. இந்தக் கூவலை அதிகக் கெட்டியான எண்ணெய் ஊற்றி அடக்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஓசை சிறிது குறையும், தேய்மானம் குறையாது.

அதிர்வைப் பொறுத்தவரை, அதன் வேகமே அதன் இருப்பிடத்தைச் சொல்லிவிடும். சுற்றளவு 2.3 மீட்டர் உள்ள டயர், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 580 முறை சுற்றும். ஆக்சில் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை) 4.1 என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே நேரத்தில் ஏறத்தாழ 2,380 முறை சுற்றும். ஆகவே தனித்தனி அடிகளாக உணரும்படி வண்டி உலுக்கினால் டயர், ரிம் ஆகியவற்றையும், இருக்கையிலும் தரைத் தகட்டிலும் நுண்ணிய நடுக்கமாகத் தெரிந்தால் ஷாஃப்டையும் சந்தேகியுங்கள். நியூட்ரலில் போட்டு உருளவிட்டாலும் அதே வேகத்தில் அதிர்வு நீடித்தால் எஞ்சினும் கிளட்சும் சந்தேகத்திலிருந்து விலகுகின்றன. போக்குவரத்து இல்லாத நேரான சமதளச் சாலையில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

பகுதிநேர ஃபோர் வீல் டிரைவ் வண்டியை உலர்ந்த தார்ச் சாலையில் 4எச் நிலையில் ஓட்டித் திருப்பும்போது ஸ்டியரிங் இறுகுவதும், லீவர் வெளியே வர மறுப்பதும் பழுதல்ல. முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வளைவில் வேறுவேறு தொலைவு போவதால் தொடரில் முறுக்கம் சேர்கிறது. நேராகச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால் பெரும்பாலும் விடுபடும். ஆனால் அந்த முறுக்கத்தோடு தொடர்ந்து ஓட்டுவது எல்லா உறுப்புகளையும் கெடுக்கும். நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஏறத்தாழ ஒரே தேய்மானத்திலும் இல்லாவிட்டால் நேர்ச்சாலையிலும் இதே முறுக்கம் வரும். ட்ரான்ஸ்ஃபர் கேஸைத் திறக்கும் முன் டயர்களின் சுற்றளவை நாடாவால் அளந்துவிடுங்கள்.

5. ஆட்டத்தைக் கையால் பிரித்துப் பாருங்கள்

சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்துப் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் இருபுறமும் திருப்புங்கள். ஓரளவு ஆட்டம் எல்லாப் பழைய வண்டிகளிலும் உண்டு. அது எங்கெங்கே எவ்வளவு சேர்கிறது என்பதைப் பிரிப்பதே வேலை. யுனிவர்சல் ஜாயின்ட்டின் இரு பக்க நுகங்களையும் (கவை போன்ற பகுதிகளையும்) இரண்டு கைகளால் பிடித்து எதிரெதிராகத் திருகினால் எதுவும் அசையக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் அசைவு இருந்தாலோ, ஜாயின்ட்டின் பேரிங் கப்புகளைச் சுற்றித் துருநிறப் பொடி படிந்திருந்தாலோ அந்த ஜாயின்ட்டை மாற்ற வேண்டும். டிஃபரன்ஷியலின் பினியன் ஃபிளேஞ்சை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். சுழற்சி ஆட்டம் சிறிது இருக்கலாம், ஆனால் மேல்கீழ் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் பினியன் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் வெறும் ஆயில் சீலை மட்டும் மாற்றுவது வீண், சில வாரங்களில் மீண்டும் ஒழுகும்.

6. எண்ணெயைப் படியுங்கள்

பெட்டியைத் திறக்காமல் உள்ளே பார்க்கும் வழி எண்ணெய்தான். இதில் ஓர் ஒழுங்கு கட்டாயம். எண்ணெய் ஊற்றும் மேல் நட்டைக் கழற்ற முடிகிறதா என்று உறுதிசெய்த பிறகே கீழ் நட்டைக் கழற்றுங்கள். துருப்பிடித்த மேல் நட்டு அசைய மறுத்தால், எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டு மீண்டும் ஊற்ற வழியின்றி நிற்பீர்கள்.

சிறிது தூரம் ஓட்டிச் சூடான பின் தூய்மையான பாத்திரத்தில் வடியுங்கள். காந்த நட்டில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பானது. ஊசி முனை போன்ற துகள்களும் தட்டையான செதில்களும் பேரிங்கோ கியர்ப் பற்களோ தேய்வதைக் காட்டுகின்றன. பல்லின் துண்டே கிடைத்தால் அந்த வண்டியை மேலும் ஓட்டாதீர்கள். கியர் பாக்ஸிலிருந்து பொன்னிறத் தூள் வந்தால் கியர் எளிதாக விழ உதவும் சிங்க்ரோ வளையங்கள் தேய்கின்றன. எண்ணெய் பாலேடு போல் வெளிறியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

தண்ணீர் புகுந்ததற்குச் சீலைக் குறைசொல்லும் முன் பிரீதரைப் பாருங்கள். ஆக்சிலின் மேல் உள்ள அந்தச் சிறு காற்றுத்துளை சேற்றால் அடைபட்டால், சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி எண்ணெய் சீல் வழியாக வெளியேறும். சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, அதே சீல் வழியாக நீரை உறிஞ்சும். சீல்களை இரண்டு முறை மாற்றியும் ஒழுகல் நிற்காத வண்டிகளில் காரணம் இந்த அடைப்பாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். பிரீதரிலிருந்து ஒரு ரப்பர் குழாயை எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோனால் சிக்கல் தீர்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்பவற்றில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது இதுவே.

கியர் பாக்ஸில் அளவு குறைந்து ட்ரான்ஸ்ஃபர் கேஸில் அளவு கூடியிருந்தால், இரண்டுக்கும் இடையில் உள்ள சீல் போய் எண்ணெய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறது. வெளியே ஒரு சொட்டு ஒழுகல்கூட இல்லாமல் கியர் பாக்ஸ் வறண்டு போகும் இந்தக் கோளாறு மிகவும் ஏமாற்றக்கூடியது. இரண்டையும் ஒரே நாளில் அளந்து பார்த்தால்தான் தெரியும்.

எண்ணெய் வகையிலும் கவனம் தேவை. ஹைபாய்டு வகை (பினியன், கிரவுன் வீலின் மையத்திலிருந்து சற்று விலகிப் பொருந்தும்) டிஃபரன்ஷியலுக்கு ஏபிஐ ஜிஎல்-5 என்ற தரக் குறியீடு உள்ள எண்ணெய் வேண்டும். பல பழைய கியர் பாக்ஸ்களுக்கு ஜிஎல்-4 தான் குறிப்பிடப்பட்டிருக்கும். ஜிஎல்-5 எண்ணெயில் அதிக அளவில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் பித்தளை வகைச் சிங்க்ரோ வளையங்களைக் கெடுக்கக்கூடும். எண் பெரியதாக இருப்பதால் தரமும் உயர்ந்தது என்று நினைத்து எல்லாவற்றிலும் ஒரே எண்ணெயை ஊற்றுவது பரவலான தவறு. ட்ரான்ஸ்ஃபர் கேஸில் சில மாடல்களுக்குக் கியர் ஆயிலும், சிலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியரின் மெல்லிய எண்ணெயும் வேண்டும். லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கு அதற்கென்று தனிச் சேர்மம் உண்டு. மேனுவல் சொல்வதே இறுதியானது.

7. முன் சக்கரங்கள் மட்டும் இயங்காவிட்டால்

ட்ரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது என்று உடனே சொல்லப்படும் இடம் இது. ஆனால் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் ஹப்புகள்: முன் சக்கரங்களைத் தூக்கி, ஹப்பைப் பூட்டிச் சக்கரத்தைத் திருப்பினால் உள்ளே ஆக்சில் ஷாஃப்ட் கூடவே திரும்ப வேண்டும். தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை ஹப்புகள் உலர்ந்த கிரீஸினாலேயே செயலிழக்கின்றன. அடுத்து, வெற்றிட அழுத்தத்தால் முன் ஆக்சிலை இணைக்கும் வண்டிகளில் ரப்பர் குழாய்களின் வெடிப்பு. அதற்கடுத்து மின் மோட்டாரால் மாற்றும் வண்டிகளில் ஃபியூஸ், இணைப்பிகளில் பச்சைக் களிம்பு, நிலை காட்டும் சென்சார். இவை அனைத்தும் சரியாக இருந்து, சுமையேறும்போது ‘படார்’ என்று குதிக்கும் ஓசையும் வந்தால்தான் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே விசையைக் கடத்தும் சங்கிலி நீண்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். குறைந்த வேகத்துக்கான லோ நிலையிலிருந்து லீவர் தானே வெளியே குதித்தால், உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கும், எஞ்சினையும் கியர் பாக்ஸையும் தாங்கும் மவுண்ட் ரப்பர்களும் சம அளவில் சந்தேகத்துக்குரியவை. மவுண்டை மாற்றுவது எளிது, ஆகவே அதை முதலில் பாருங்கள்.

8. எதை நீங்களே செய்யலாம், எவ்வளவு காலம் ஆகும்

எண்ணெய் மாற்றம், பிரீதர், ஹப் ஃபிளேஞ்ச், முன் ஹப் சுத்தம் ஆகியவற்றைப் பொறுமையுள்ள புதியவர் ஒரே நாளில் முடிக்கலாம். யுனிவர்சல் ஜாயின்ட்டுக்கு முதல் முறை அரை நாள் ஒதுக்குங்கள். முழு மிதவை ஆக்சில் ஷாஃப்டுக்கும் அதே அளவுதான். மூடிய வகை முன் நக்கிளில் (முன் சக்கரம் திரும்பும் மூட்டில்) சிவி ஜாயின்ட் மாற்றுவதற்கு ஒரு பக்கத்துக்கு ஒரு முழு நாள் போகும். கியர் பாக்ஸையும் ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் இறக்கி ஏற்ற, உரிய ஜாக்கியும் துணைக்கு ஓர் ஆளும் இருந்தாலும், இரண்டு மூன்று நாட்கள் தேவை. துருப்பிடித்த போல்ட்டுகள் இருந்தால் இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலையே அவற்றில் துரு நீக்கி எண்ணெய் தெளித்து ஊறவிடுவது மறுநாளின் பாதி உழைப்பைக் குறைக்கும்.

கிரவுன் பினியனைப் புதிதாக அமைப்பதைப் புதியவர் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. பற்களுக்கு இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். பினியனின் ஆழம், பேரிங்கின் இறுக்கம், பற்களில் சாயம் தடவிப் பார்க்கும் தொடுதடம் மூன்றும் ஒருங்கே பொருந்த வேண்டும். நசுங்கும் ஸ்லீவ் உள்ள வகையில் பினியன் நட்டை ஒரு முறை அதிகமாக இறுக்கிவிட்டால் புது ஸ்லீவ் போட்டு மறுபடியும் தொடங்க வேண்டும். டிஃபரன்ஷியல் முழுவதும் ஒரே துண்டாக முன்பக்கமாகக் கழலும் வகை ஆக்சில் உங்களுடையது என்றால், அதைக் கழற்றி மேசையில் வைத்து அமைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து வாங்கிப் பொருத்தலாம். கூலியில் பெரும்பகுதி இதில் மிச்சமாகும்.

செலவைக் கணக்கிடும்போது பாகத்தின் விலையைப் பார்க்காதீர்கள், அந்த இடத்தை அடைவதற்கான கூலியைப் பாருங்கள். கியர் பாக்ஸ் இறங்கியிருக்கும்போது ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், எஞ்சினின் பின் சீல் ஆகியவற்றை நல்ல நிலையில் இருந்தாலும் மாற்றிவிடுவது சிக்கனம். அவற்றுக்காக மறுபடியும் கியர் பாக்ஸை இறக்குவது அவற்றின் விலையைப் போலப் பல மடங்கு.

9. யுனிவர்சல் ஜாயின்ட் மாற்றும் முறை

புதியவர் மிகுதியாகச் செய்ய நேரும் வேலை என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். கழற்றும் முன் ஷாஃப்டுக்கும் ஃபிளேஞ்சுக்கும், நீளும் ஸ்ப்லைனின் இரு பகுதிகளுக்கும் குறுக்கே பெயின்ட்டால் கோடு போடுங்கள். சாதாரண ஷாஃப்டில் இரு முனை நுகங்களும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஸ்ப்லைனை ஒரு பல் மாற்றிப் பொருத்தினாலும் புது ஜாயின்ட்டோடு புது அதிர்வும் வரும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் கைப்பிரேக் உள்ள வண்டியில் ஷாஃப்டைக் கழற்றியதும் கைப்பிரேக் செயலிழக்கும் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன்.

கப்புகளைப் பிடித்திருக்கும் நான்கு சர்க்லிப்புகளையும் (பிடி வளையங்களையும்) எடுத்து, வைஸில் ஒரு பக்கம் சிறிய சாக்கெட்டும் மறுபக்கம் பெரிய சாக்கெட்டும் வைத்துக் கப்பைத் தள்ளி எடுங்கள். சுத்தியலால் நுகத்தை அடித்தால் அதன் காது வளைந்துவிடும், பிறகு எந்த ஜாயின்ட்டும் அதில் நேராக நிற்காது. புதிய கப்புகளில் உள்ள ஊசி உருளைகள் கிரீஸின் ஒட்டலால்தான் நிற்கின்றன. ஓர் ஊசி சாய்ந்து கப்பின் அடியில் விழுந்தால் சர்க்லிப் அதன் பள்ளத்தில் உட்காராது. சர்க்லிப் உட்கார மறுத்தால் பலம் காட்டாமல் கப்பை வெளியே எடுத்துப் பாருங்கள். பொருத்தி முடிந்ததும் ஜாயின்ட் இரு திசைகளிலும் விரல் பலத்திலேயே திரும்ப வேண்டும். இறுகினால் நுகத்தின் காதை மென்மையான சுத்தியலால் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் விடுபடும். ஃபிளேஞ்ச் போல்ட்டுகளுக்குப் புதிய நட்டுகளைப் போட்டு, மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள்.

10. பாகம் வாங்கும் முன் விகிதத்தை எண்ணுங்கள்

முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய டிஃபரன்ஷியலை வாங்கும்போது விற்பவரின் சொல்லை மட்டும் ஏற்காதீர்கள். கிரவுன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். 41 பற்களும் 10 பற்களும் என்றால் 4.1. வண்டியில் பொருத்தியிருக்கும் சாதாரண டிஃபரன்ஷியலில், கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தைத் தரையில் விட்டு மறு சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று திருப்புங்கள். அந்த நேரத்தில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றியதோ அதுவே விகிதம். ஒரே ஒரு சுற்று திருப்பிப் பாதி விகிதத்தை எழுதிக்கொண்டு குழம்புபவர்கள் உண்டு.

11. பட்டறையிடம் எழுத்தில் பெற வேண்டியவை

எதைக் கழற்றும் முன்பும், எந்தச் சோதனையின் அடிப்படையில் இந்த உறுப்பு பழுது என்று முடிவு செய்தீர்கள் என்று கேட்டு, விடையை மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். நான் இதைக் கேட்டிருந்தால் கிளட்ச் மாறியிருக்காது. மதிப்பீட்டில் பாகமும் கூலியும் தனித்தனியாக இருக்கட்டும், குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் உங்கள் ஒப்புதல் தேவை என்ற வரியும் இருக்கட்டும். கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும் திருப்பித் தரச் சொல்லுங்கள். புதுப்பித்த பெட்டியை வாங்கும்போது பழைய பெட்டிக்கு ஈடாக முன்பணம் பிடிப்பது வழக்கம். எத்தனை நாட்களுக்குள் திருப்பினால் அது கிடைக்கும், உடைந்த உறையோடு கொடுத்தால் ஏற்பார்களா என்பதை முன்பே கேளுங்கள். உத்தரவாதம் செல்லுபடியாக, ஊற்றிய எண்ணெயின் வகையும் அளவும் ரசீதில் இருக்க வேண்டும் என்று பலர் நிபந்தனை வைக்கிறார்கள்.

வண்டியை இழுத்துச் செல்வதிலும் எழுத்து உதவும். நான்கு சக்கரங்களும் தரையிலிருந்து உயர்ந்திருக்கும்படி ஏற்றிச் செல்வதே பாதுகாப்பானது. இரண்டு சக்கரங்களைத் தரையில் விட்டு இழுக்க நேர்ந்தால் அந்தப் பக்கத்துப் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றியாக வேண்டும். ட்ரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டால் போதும் என்பது எல்லா மாடல்களுக்கும் பொருந்தாது.

12. பொருத்திய பின்

முதல் ஓட்டம் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். நிறுத்தியதும் ஹப்புகளையும் டிஃபரன்ஷியல் உறையையும் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, இடது ஹப்பும் வலது ஹப்பும் மிகவும் வேறுபட்டால் சூடான பக்கத்துப் பேரிங் அதிகமாக இறுக்கப்பட்டிருக்கிறது, அல்லது பிரேக் உரசுகிறது. குளிர்ந்த பின் எண்ணெய் அளவைப் பார்த்து, ஃபிளேஞ்ச் போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் மீண்டும் டார்க் ஸ்பேனரால் சரிபாருங்கள். புதிய கிரவுன் பினியன் போட்டிருந்தால் முதல் சில ஓட்டங்களில் பாரம் ஏற்றாமல், இடையிடையே ஆறவிட்டு ஓட்டுங்கள். 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் அந்த எண்ணெயை வடித்து, காந்த நட்டில் ஒட்டியதைத் துடைத்து, ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி வெயிலில் பாருங்கள். சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தால் நாளையும் கிலோமீட்டரையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் புது எண்ணெயை ஊற்றி மூடலாம்.